காருக்குக் கூரைத் துணி ஒட்டியது

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது என் மனைவி. எனக்கு ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதிக் கதையில் யாராவது, "நீங்களே எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே" என்று கேட்பார்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் முப்பத்துச் சொச்சம் வருஷம் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பாய்லர் குழாய்களில் மற்றவர்கள் வைத்த வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, உள்ளே காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒருவன் வேர்க்க விறுவிறுக்கச் செய்து முடித்ததில் குறை கண்டுபிடிப்பதற்கு எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள். கண்ணுக்குப் பழகிய அந்த வேலை நாளடைவில் நாக்குக்கும் பழகிவிட்டது. தோசை ஒரு பக்கம் கோணினால்கூட என்னால் சும்மா சாப்பிட முடியாது. ரிடையர் ஆன அன்று மாலை போட்டார்கள். அந்த மாலையில் ஒரு இடத்தில் நார் தெரிகிறது என்று மேடையிலேயே சொன்னேன். என் மனைவி இன்னும் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ரிடையர் ஆனதும் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஓர் அடுக்ககத்தில் இரண்டாம் மாடிக்கு வந்தோம். அதே சமயம் என்னோடு வேலை பார்த்த ஒருவர் மகனோடு பெங்களூருக்குப் போவதால் தம்முடைய பழைய காரை எனக்குக் கொடுத்தார். பின்கதவு மேலே திறக்கும் சின்ன வண்டி. நான் ஓட்டக் கற்றுக்கொண்டு பெருமாள் கோயில் கோயிலாகச் சுற்றுவது என்பது திட்டம். இரண்டு பேரும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தோம். கற்றுக்கொள்வதற்கு நான், துணைக்கு அவள்.

ஐந்தாம் நாள், சொல்லிக்கொடுக்கிறவர் கிளட்ச் வேலை செய்யும் விதத்தைத் தப்பாக விளக்கினார். நான் திருத்தினேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, "சார், கிளாஸ் நீங்க எடுக்கறதா இருந்தா நான் இறங்கிக்கறேன்" என்றார். சொன்னபடி இறங்கியும் விட்டார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. அவள் போனாள். ஐம்பத்தாறு வயதில், முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து சாமி அலமாரியில் பெருமாள் காலடியில் வைத்தாள். அன்றைக்கு எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. குணசீலம், உறையூர், சமயபுரம் என்று போனோம். கே.கே. நகரில் அவளுடைய தங்கை இருக்கிறாள். புதன்கிழமை தோறும் அங்கே போவது வழக்கமாகிவிட்டது. நான் பக்கத்து சீட்டில். "கியரை மாத்து", "பஸ் வரது பார்", "இவ்வளவு கிட்டப் போகாதே" என்று வீட்டு வாசலில் ஆரம்பித்தால் தங்கை வீட்டு வாசலில்தான் முடிப்பேன். அவளும் பாதிக்குக் காது கொடுப்பாள், பாதியைக் காற்றில் விடுவாள். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கூரைத் துணி தொங்க ஆரம்பித்தது. காருக்குள் தலைக்கு மேலே ஒரு துணி ஒட்டியிருக்கும். கடைக்காரர்கள் அதை ரூஃப் லைனிங் என்கிறார்கள். துணிக்குப் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்சு, அதற்குப் பின்னால் அட்டை மாதிரி ஒரு பலகை. திருச்சி வெயிலில் வருஷக்கணக்காக நின்ற வண்டியில் அந்த ஸ்பாஞ்சு உலர்ந்து பொடியாகி, துணியைப் பலகையிலிருந்து கைவிட்டுவிடுகிறது. முதலில் பின்சீட்டுக்கு மேலே ஒரு தொப்பை விழுந்தது. பிறகு நடுவில். பின்னால் உட்காருகிறவர்கள் தலையில் முக்காடு போட்டதுபோல வருவார்கள். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் வண்டி தெரியாது, துணிதான் தெரியும்.

"இதைக் கொஞ்சம் கவனிக்கப்படாதா?" என்று அவள் மூன்று தடவை சொன்னாள்.

"வண்டி ஓடறது இன்ஜினாலே. துணியாலே இல்லை" என்று மூன்று தடவையும் நான் சொன்னேன். மூன்றாவது தடவை மட்டும் போனால் போகிறது என்று டிராயிங் பின்களை எடுத்துப்போய்ப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்திவைத்தேன். வரிசையாக, சம இடைவெளி விட்டு. பார்க்க எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

ஒரு புதன்கிழமை காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கிறோம். வெயில் என்று ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கியிருந்தேன். நடுப்பாலத்தில் காற்று சுழன்று உள்ளே வந்ததும் பின்கள் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று தெறித்தன. துணி மொத்தமாக அவிழ்ந்து எங்கள் இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. ஸ்பாஞ்சின் ஆரஞ்சுப் பொடி கண்ணிலும் வாயிலும் போயிற்று. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நான் பயத்தில் அலறினேன். "நிறுத்து வண்டிய! உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்! இந்த வயசிலே காராம் கார்!" இன்னும் இரண்டு மூன்று வார்த்தை சேர்த்தும் சொன்னேன். அவை இங்கே வேண்டாம்.

துணியை விலக்கிப் பார்த்தபோது வண்டி ஓரமாக நின்றிருந்தது. அவள் துணியைச் சுருட்டிப் பின்சீட்டில் போட்டாள். தங்கை வீட்டுக்குப் போகாமல் வண்டியைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டி வந்தாள். சாவியைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். "இனிமே நான் ஓட்டலை" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த புதன் பஸ்ஸில் போனாள். அதற்கடுத்த புதனும் பஸ்ஸில் போனாள். கூட வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். இரண்டு பஸ் மாறி, வெயிலில் கறுத்து, கால் வீங்கி வந்து உட்காருவாள். வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. தோசை வட்டமாக வந்தது, ஆனாலும் எனக்கு இறங்கவில்லை. அவள் திரும்பவும் ஓட்ட வேண்டும், அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. துணி விழுந்து பயந்துவிட்டாள், துணியைச் சரி செய்தால் சரியாகிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி என்று நாங்கள் தொழிற்சாலையில் சொல்வோம்.

பாலக்கரைப் பக்கம் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை வைத்திருக்கிற ஒரு பாயிடம் போனேன். எழுபதுகளில் இருப்பார், தலையில் வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி.

"ரூஃப் லைனிங்தானே சார்? வண்டியக் கொண்டாந்து விட்டுட்டுப் போங்க. ரெண்டு நாள்ல பண்ணிடலாம்."

"வண்டி வராது."

"ஸ்டார்ட் ஆவலிங்களா?"

"அதெல்லாம் ஆகும். ஓட்டறவங்க வரமாட்டாங்க."

"டிரைவர் நின்னுட்டாரா?"

"வீட்டுலதான் ஓட்டறாங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்படின்னா அவசர வேலைதான் சார்" என்றார். வேறு ஆளை வைத்து ஓட்டி வரலாமே என்று அவர் கேட்கவில்லை. அதை நான் ஏற்கெனவே வீட்டில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். "என் வண்டியிலே வேறே யாரும் கை வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டாள். ஓட்டவும் மாட்டாளாம், விடவும் மாட்டாளாம். அந்த 'என் வண்டி' மட்டும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது.

பாய் ஸ்பாஞ்சு ஒட்டிய சாம்பல் நிறத் துணியும் ஒரு டப்பா மஞ்சள் பசையும் கொடுத்தார். "பலகையிலயும் தடவணும், துணியிலயும் தடவணும். விரல் வச்சா ஒட்டாத பதத்துக்கு வந்ததும் மேல போடணும். போட்டாப் போட்டதுதான். அப்புறம் எடுக்க முடியாது. நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தேச்சுக்கிட்டே வாங்க. இன்ஷா அல்லாஹ், நல்லா வரும்." நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதைப் பதினோரு படிகளாகப் பிரித்து எழுதி, மேலே 'வேலை முறை' என்று தலைப்புப் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன். யாரிடம் கொடுக்க? நானேதான் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் பிரித்தேன். வெயில் மறைக்கும் தட்டு, கைப்பிடி, உள்விளக்கு, தூணை மூடிய பிளாஸ்டிக் பட்டைகள் எல்லாவற்றையும் கழற்றி, திருகுகளைத் தனித்தனிப் பையில் போட்டு எண் எழுதினேன். இந்த மாதிரி வேலையில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. முன்சீட்டுகளைச் சாய்த்துவிட்டுப் பலகையைப் பின்கதவு வழியாக உருவவேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. மாடிக்குப் போய் நின்றேன். அவள் அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கை பிடிக்கணும்" என்றேன்.

"தளிகை ஆகலை."

"ரெண்டே நிமிஷம்."

வந்தாள். பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிவரை ஏறினாள். மடித்தால் உடைந்துவிடும் என்பதால் படிக்கட்டுத் திருப்பங்களில் பலகையைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கித் திருப்பினோம். நான் சொன்ன திசையில் போனபோது இரண்டு தடவை சுவரில் இடித்தது. அவள் தன் இஷ்டத்துக்குத் திருப்பியபோது இடிக்கவில்லை. இதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

பழைய ஸ்பாஞ்சைத் தேய்த்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்கப் பொடி பறந்து வேட்டி, தலை, காது மடல் எல்லாம் ஆரஞ்சாயிற்று. வியர்வையில் அது களிம்பாக ஒட்டிக்கொண்டது. கீழ்வீட்டுக்காரர் மாடிக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தார் என்பதை மறந்து திரும்பிப் போனார்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். கனமான இரும்புத் தகட்டை வெல்டிங் செய்வதற்கு முன்னால் அதைச் சூடேற்ற வேண்டும். ஏற்றாமல் ஆரம்பித்தால் பின்னால் விரிசல் விடும். சூடேற்றாத வேலையை நான் எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். சூடு என்றால் நல்லது என்று என் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. ஆகையால் பாய் சொன்னதற்கு மேலே நான் ஒரு படியைச் சேர்த்திருந்தேன். பலகையையும் துணியையும் ஒரு மணி நேரம் வெயிலில் சூடேற்றுவது. பத்து மணி வெயிலில், மொட்டைமாடித் தரையில், சித்திரை மாதத்தில்.

ஒரு மணி நேரம் கழித்துப் பலகையைத் தொட்டால் அப்பளம் பொரிக்கலாம் போலிருந்தது. எனக்குப் பரம திருப்தி. பசையைத் தடவினேன். இந்த முனையில் தடவிக்கொண்டு அந்த முனைக்குப் போவதற்குள் இந்த முனை காய்ந்துவிட்டது. மறுபடி தடவினேன். அதற்குள் அந்த முனை காய்ந்துவிட்டது. பதறிப்போய்த் துணியைத் தூக்கி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். காற்று ஒரு வீசு வீசியது. துணியின் ஒரு முனை பலகையின் நடுவில் போய் ஒட்டியது, இன்னொரு முனை தன்மேலேயே ஒட்டிக்கொண்டது, மீதி என் வயிற்றில். இழுத்தேன். பாய் சொன்னது சரி, போட்டால் போட்டதுதான்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. என் மனைவி வடாம் தட்டைத் திருப்பிவைக்க வந்தவள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துபோயிற்று. மீதி வயிற்றிலிருந்து துணியைப் பிய்த்தபோது திரும்ப வந்தது.

ஞாயிறு முழுக்கப் பலகையில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்தேன். திங்கட்கிழமை பாயிடம் போய் இன்னொரு துணியும் பசையும் கேட்டேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். சூடேற்றிய இடம் வந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், வெயில்ல வச்சா பசை நின்னு பேசுமா? இது வெல்டிங் இல்ல சார்." சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "காலைல ஆறு மணிக்குப் பண்ணுங்க. குளுமையா இருக்கும்போது. அப்புறம் ஒண்ணு, துணியக் கையில தூக்கிப் போடாதீங்க. பாதி மடிச்சு வச்சுக்கிட்டு, மெதுவா விரிச்சுக்கிட்டே போங்க."

மறுநாள் விடியற்காலை மாடிக்குப் போனேன். அவள் எனக்கு முன்னாலேயே குளித்துவிட்டு அங்கே இருந்தாள், துணி உலர்த்திக்கொண்டு. எங்கள் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை செய்யும்போது உடுத்திக்கொள்ளும் புடவையைத் தனியாக நனைத்து, யார் கையும் மேலும் படாதபடி உயரத்தில் உலர்த்துவாள். அதுதான் மடி. மொட்டைமாடிக் கொட்டகையில் எட்டாத உயரத்தில் ஒரு மூங்கில் கட்டியிருக்கிறது. பிழிந்த புடவையை ஒரு நீளக் கோலின் நுனியில் எடுத்து மேலே மூங்கிலில் போடுவாள். அப்புறம் கோலாலேயே ஒவ்வொரு மடிப்பாக நீவி, நுனியைத் தள்ளி, ஓரத்தை இழுத்து விரிப்பாள். கையே படாமல் ஒன்பது கஜமும் இஸ்திரி போட்டதுபோலத் தொங்கும். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். பார்த்திருக்கிறேன் என்பதைவிட, கண்ணில் பட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

நான் இரண்டு பிளாஸ்டிக் மேஜைகளைச் சேர்த்துப் பலகையைக் கவிழ்த்து வைத்தேன். துணியைச் சரியாக மேலே போட்டுப் பார்த்து, முன்பாதியைப் பின்பாதிமேல் மடித்தேன். பசை தடவினேன். இந்தத் தடவை பசை நிதானமாகப் பதத்துக்கு வந்தது. இப்போது மடிப்பைப் பிரிக்கவேண்டும். ஒரு மூலையைப் பிடித்தால் மறுமூலை சரிகிறது. சரிந்து பலகையைத் தொட்டுவிட்டால் போச்சு. இதுவும் வீணானால் அவள் எப்போதும் ஓட்டமாட்டாள் என்று ஏனோ தோன்றியது. தோன்றியதும் கண் கலங்கிவிட்டது. அறுபது தாண்டிய ஆள் காருக்கு ஒட்டுகிற துணியைப் பிடித்துக்கொண்டு அழுதான் என்று நாளைக்கு யாராவது சொன்னால், உண்மைதான்.

"நகருங்கோ" என்றாள்.

பார்த்தால், கோலோடு வந்து நிற்கிறாள்.

"மடிக்கோலையா? அதால போய் இதைத் தொடறதா?" விதிமுறை மீறப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது யாருடைய விதிமுறையாக இருந்தாலும்.

"அலம்பி வெயில்ல வச்சா சரியாப் போயிடும். நீங்க தொடாம இருந்தாப் போறும்."

கோலை மடிப்புக்குள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நுழைத்தாள். இலேசாகத் தூக்கினாள். துணி கோலின்மேல் தொங்கிற்று, பசைப் பக்கம் எதையும் தொடாமல். பிறகு கோலை முன்னால் நகர்த்தினாள், ஓர் அங்குலம், இன்னோர் அங்குலம். கோல் நகர நகர அதற்குப் பின்னால் துணி தானாகப் பலகையில் படிந்துகொண்டே வந்தது. உள்விளக்குக்கான பள்ளம் வந்தபோது நின்று, கோலின் நுனியால் துணியை ஒரு நீவு நீவிப் பள்ளத்துக்குள் இறக்கினாள். "ம், தேய்ங்கோ" என்றாள். நான் உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தேன். "அழுத்தாதீங்கோ, தடவிக் குடுங்கோ" என்றாள். தடவிக்கொடுத்தேன். பின்பாதியும் அதேபோல. சூரியன் தென்னைக்கு மேலே வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் பேசியது மொத்தம் ஐந்து வார்த்தை இருக்கும்.

ஓரத்தை மடித்து ஒட்டி, அன்று மாலையே வண்டிக்குள் ஏற்றித் திருகுகளை எண் பார்த்துப் போட்டேன். உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் புது வண்டி மாதிரி இருந்தது. அவளும் வந்து உட்கார்ந்து பார்த்தாள். "நன்னா இருக்கு" என்றாள். இறங்கி மேலே போய்விட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. காபி குடித்துவிட்டுச் சாவிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அவள் புடவை மாற்றிக்கொண்டு, தங்கைக்கு எடுத்துவைத்த வடாமைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். செருப்பை மாட்டினாள்.

"சாவி?" என்றேன்.

"பஸ்ஸுக்கு எதுக்குச் சாவி?"

"வண்டிதான் சரியாப் போச்சே. இனிமே துணி விழாது. நான் கியாரண்டி."

அவள் வாசற்படியிலேயே நின்றாள். பையைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, துணி விழுந்ததுக்கா நான் ஓட்டறதை விட்டேன்? துணி விழுந்தப்போ எனக்குப் பயமே வரலை. ஒரு கையாலே அதைத் தூக்கிப் பிடிச்சுண்டு, வேகத்தைக் குறைச்சு, இண்டிகேட்டர் போட்டு, ஓரமா நிறுத்தினேன். நிறுத்தினதுக்கு அப்புறம்தான் நீங்க கத்தினேள். நின்னுண்டிருக்கற வண்டியிலே உக்காந்துண்டு, நிறுத்து நிறுத்துன்னு. உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்னு."

நினைத்துப் பார்த்தேன். துணியை விலக்கியபோது வண்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று இத்தனை நாளும் எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை. பஸ்ஸும் எங்களைத் தாண்டிப் போயிருந்தது. அன்றைக்கு அந்தப் பாலத்தின்மேல், ஒரு கையால் துணியைத் தூக்கிப் பிடித்தபடி, ஒரு பிசகில்லாமல் ஒரு வேலை நடந்திருக்கிறது. என் வாழ்நாளில் நான் பார்த்த மிகச் சுத்தமான வேலைகளில் அது ஒன்று. அதைத்தான் நான் திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது.

"இன்னிக்கு நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றேன். "வாயைத் தொறக்க மாட்டேன்."

"உங்களாலே முடியுமா?"

"முடியலேன்னா வழியிலேயே இறக்கி விட்டுடு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

பின்சீட்டில் உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை. அங்கிருந்து சாலை சரியாகத் தெரியாது என்பது ஒரு சௌகரியம். பாலத்தில் ஏறினோம். ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தது. நான் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். அவள் பிரேக்கை அழுத்தி, அவனைப் போகவிட்டு, மறுபடி கியர் மாற்றினாள். சத்திரம் பஸ் நிலையத்துக் கூட்டத்தில் சந்து சந்தாக நுழைந்து வெளியே வந்தாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால் கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இடது பின்மூலையில், கைப்பிடிக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு சுருக்கம். முதல் நாள் எப்படியோ கண்ணில் படாமல் போயிருக்கிறது. அது நான் தனியாக ஓரம் மடித்து ஒட்டிய இடம். அவள் கோல் போன இடம் முழுக்கக் கண்ணாடி மாதிரி இருந்தது.

தொங்கிய துணி போய்விட்டதால் இப்போது பின்பார்வைக் கண்ணாடியில் அவள் கண்கள் எனக்குத் தெரிந்தன, என் முகமும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாலக்கரை சிக்னலில் வண்டி நின்றது.

"அன்னிக்கு நான் கத்தினது தப்பு" என்றேன். "நீ நன்னா ஓட்டறே. முதல் நாளிலேர்ந்தே நன்னாத்தான் ஓட்டறே. நான்தான் ஒரு தடவைகூடச் சொல்லலை."

அவள் திரும்பவில்லை. கண்ணாடியில் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கண் நிறைந்திருந்ததா, வெயில் கூசியதா என்று எனக்குத் தெரியாது. பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் அவசரப்படாமல் கியர் போட்டு வண்டியை எடுத்தாள்.

"பெல்ட் போட்டுண்டேளா?" என்றாள்.

"போட்டுண்டேன்."

கே.கே. நகர் திருப்பம் வரைக்கும் பொறுத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அடுத்த வாரம் முன்னாடி உக்காந்துக்கலாமா?"

"பாக்கலாம்" என்றாள்.